டச்பேடில் டேப் மூடுவது: எந்த வழி யாருக்கு?

மவுஸ் இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் வேலை பார்க்கிறவர்களுக்கு டேப் மூடுவது ஒரு ஓயாத சில்லறைத் தொல்லை. நாலைந்து டேப் இருக்கும்வரை தெரியாது. சாயங்காலம் முப்பது நாற்பது சேர்ந்து, தலைப்பெல்லாம் நசுங்கி, ஐகான் மட்டும் மிச்சம் நிற்கும்போதுதான் தெரியும். அந்தக் குட்டி எக்ஸ் குறியைப் பிடிப்பதற்குள் கர்சர் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வரும். பக்கத்து டேப் மூடிக்கொள்ளும், இல்லையென்றால் மூட நினைத்த டேப் திறந்துகொண்டு வீடியோ சத்தமாக ஓட ஆரம்பிக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆறேழு வழி இருக்கிறது, அதுதான் குழப்பமே. எக்ஸைப் பெரிதாக்கலாம், டபுள் கிளிக்கில் மூடலாம், மூன்று விரலால் தட்டலாம், கீபோர்டுக்குப் போகலாம், விரலை இழுத்து மூடும் ஜெஸ்சர் வைத்துக்கொள்ளலாம், டேப்களையே பக்கவாட்டுக்கு மாற்றலாம். பயன்படுத்துகிறவராக உங்களுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தாலும் சரி, பிரவுசரோ அதில் சேர்த்துக்கொள்கிற எக்ஸ்டென்ஷனோ எழுதுகிறவராக மற்றவர்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி, நான் கேட்பது இரண்டே கேள்விதான்: எவ்வளவு குறிபார்க்க வேண்டியிருக்கிறது? கை தவறினால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ், லினக்ஸ், குரோம்புக் ஆட்களுக்கு டேப்பின் மேல் மூன்று விரல் தட்டல். மேக்கில் கமாண்ட் + டபிள்யூ. முப்பதுக்கு மேல் டேப் வைத்திருக்கிற ஜாதி என்றால் செங்குத்து டேப், அதாவது டேப்களைப் பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. விரலை இழுத்து மூடும் ஜெஸ்சர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேண்டாம். ஏன் என்பது கீழே.

எக்ஸ் ஏன் இவ்வளவு படுத்துகிறது

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறி ஒரு கம்பியால் தொடச் சொல்லி மனிதர்களின் கை வேகத்தை அளந்தார். இலக்கு தூரமாகப் போகப் போக நேரம் கூடும், இலக்கு சிறிதாகச் சிறிதாக நேரம் கூடும். கேட்டால் இது ஒரு கண்டுபிடிப்பா என்று தோன்றும், ஆனால் அவர் அதைக் கணக்காக எழுதி வைத்ததால்தான் இன்றுவரை பொத்தான் வடிவமைக்கிற எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டேப்பின் எக்ஸ் இந்த இரண்டிலும் மாட்டுகிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது திரையின் நடுவில், அது இருப்பது மேல் மூலையில், அளவோ கடுகு.

மவுஸில் ஒரே வீச்சில் மேலே போய்விடலாம். டச்பேடில் இடம் போதாமல் விரலை எடுத்து எடுத்து வைத்து நகர்த்த வேண்டும். அதைவிட மோசமானது கடைசி நொடி. தட்டாமல் அழுத்துகிற பழக்கம் இருந்தால், அழுத்தும்போது விரல் நுனி கொஞ்சம் பரவும், கர்சர் இரண்டு மூன்று புள்ளி நகர்ந்துவிடும். பல லேப்டாப்களில் டச்பேடின் மேல் ஓரம் கீலில் நிற்கிறது, கீழ்ப்பகுதிதான் அமுங்கும். மேல்பக்கம் விரல் இருக்கும்போது அழுத்தினால் அமுங்கவே அமுங்காது, இன்னும் பலமாக அழுத்துவீர்கள், கர்சர் இன்னும் நகரும்.

இதோடு பிரவுசரும் தன் பங்குக்கு விளையாடுகிறது. டேப் நெருங்கியதும் குரோம், திறந்திருக்கும் டேப்பில் மட்டும் எக்ஸை விட்டுவிட்டு மற்றதிலெல்லாம் மறைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸும் அகலம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அப்படித்தான். காரணம் நியாயமானது: ஐகான் அகலமே உள்ள டேப்பில் எக்ஸும் இருந்தால், அந்த டேப்புக்குப் போக நினைத்துத் தட்டுகிறவர் அதை மூடிவிடுவார். ஆனால் விளைவு என்னவென்றால், மூட வேண்டிய ஒவ்வொரு டேப்பையும் முதலில் திறக்க வேண்டும், அது லோட் ஆகும், அப்புறம்தான் எக்ஸ் தெரியும். படிக்கவே விரும்பாத பக்கத்தை மூடுவதற்காகத் திறப்பது கடுப்பான வேலை.

ஆரம்பக் காலத்தில் இப்படி இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2006 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வெளியிடும்வரை டேப் வரிசையின் வலது கோடியில் ஒரே ஒரு எக்ஸ்தான் இருந்தது. எந்த டேப் திறந்திருக்கிறதோ அது மூடும். அந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒவ்வொரு டேப்புக்கும் தனி எக்ஸ் வந்தது. எதை மூடுகிறோம் என்பது இதில் தெளிவு, சந்தேகமில்லை. ஆனால் பழையதில் ஒரு நல்லது இருந்தது: எக்ஸ் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது, கை பழகிவிடும். இப்போது அது டேப்போடு சேர்ந்து ஊர் சுற்றுகிறது.

குரோம் இதற்கு ஒரு சாமர்த்தியமான வேலை செய்தது. எக்ஸைத் தட்டி ஒரு டேப்பை மூடினால் மற்ற டேப்கள் உடனே அகலமாகாது, அப்படியே இடதுபக்கம் நகர்ந்து அடுத்த டேப்பின் எக்ஸ் சரியாகக் கர்சருக்கு அடியில் வந்து நிற்கும். கர்சர் டேப் வரிசையை விட்டு வெளியே போன பிறகுதான் அகலம் மாறும். ஆகவே ஒரு தடவை குறிபார்த்தால் போதும், தட்டிக்கொண்டே இருந்தால் வரிசையாக மூடிக்கொண்டே போகும். ஃபயர்ஃபாக்ஸிலும் இப்போது இது உண்டு. பெரும்பாலானவர்கள் கவனித்ததே இல்லை, ஆனால் டச்பேட்காரர்களுக்கு யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்கள் என்றால் அது இதுதான் என்பேன்.

எக்ஸைப் பெரிதாக்கினால் போதாதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வலைப்பக்கங்களுக்கான அணுகுதன்மை விதிகளின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வந்தது, தொடுகிற பொத்தான் குறைந்தது 24-க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடக் கடுமையான படிநிலையில் 44-க்கு 44. இது பக்கங்களுக்கான விதி, பிரவுசரின் சொந்தப் பொத்தான்களுக்கு இல்லை, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

44 பிக்சலில் எக்ஸ் வைத்தால் நெருங்கிய டேப்பில் எக்ஸைத் தவிர வேறெதற்கும் இடமிருக்காது. பார்வைக்குச் சின்னதாகவே விட்டு, தட்டினால் ஏற்கிற பரப்பை மட்டும் பெரிதாக்கலாம் என்பார்கள். அதிலும் அதே சிக்கல்தான் வேறு வாசலில் வருகிறது: மூடுவதற்கான பரப்பு பெரிதாகிற ஒவ்வொரு பிக்சலும் தேர்ந்தெடுப்பதற்கான பரப்பிலிருந்து போகிறது. டேப்புக்குப் போவது நாள் முழுக்க நடக்கும், மூடுவது அதைவிடக் குறைவு. அடிக்கடி நடப்பதைக் கெடுத்து எப்போதாவது நடப்பதை வசதியாக்குவது நஷ்ட வியாபாரம்.

ஆகவே இது அகலமான டேப்களுக்கு மட்டும் நல்ல யோசனை. பத்து டேப்புக்குள் வைத்திருக்கிற ஒழுக்கமான மனிதர்களுக்கு இதுவே போதும், அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் டேப் நிறைந்துபோனால் கடைசி டேப்பின் எக்ஸும் ஜன்னலையே மூடுகிற எக்ஸும் ஒரே மூலையில் கிட்டக் கிட்ட வந்துவிடும். ஒன்றில் ஒரு டேப் போகும், இன்னொன்றில் நாற்பதும் போகும். அதேபோல ஒரே ஒரு டேப் மிச்சமிருக்கும்போது அதை மூடினால் ஜன்னலும் சேர்ந்து மூடிக்கொள்வதுதான் பொதுவான ஏற்பாடு. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்புப் பக்கத்தில் (முகவரிப் பட்டையில் about:config என்று அடித்தால் வருவது) இதை மாற்றிக்கொள்ளலாம்.

டபுள் கிளிக்

எட்ஜில் இதற்கு செட்டிங்ஸிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. விவால்டி என்ற பிரவுசரிலும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் உள்ளமைப்புப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. டேப்பில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தடவை தட்டினால் மூடிவிடும், எக்ஸைத் தேட வேண்டியதில்லை. குறிபார்க்கும் கேள்விக்கு நல்ல பதில்.

கை தவறுகிற கேள்விக்குத்தான் பதில் சரியில்லை. எதைத் திறப்பதென்றாலும் இரண்டு தடவை தட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விண்டோஸில் ஃபோல்டர் திறந்து திறந்து வந்த பழக்கம் அது, லிங்க்கையும் இரண்டு தடவை தட்டுவார்கள், பொத்தானையும் இரண்டு தடவை தட்டுவார்கள். அவர்கள் கையில் இந்த வசதியைக் கொடுத்தால், போக நினைத்த டேப்பெல்லாம் கண்ணெதிரே காணாமல் போகும், ஏன் போகிறது என்றும் புரியாது. இதோடு டச்பேடுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது: ஒரு தடவை தட்டிவிட்டு உடனே மறுபடி விரலை வைத்து இழுத்தால் அது டிராக். டேப்பை இடம் மாற்றுவதும் அதே அசைவில்தான். இரண்டாவது தட்டலில் விரல் கொஞ்சம் தங்கினால் மூடுவதற்குப் பதில் டேப் நகரும், தங்காமல் எடுத்தால் நகர்த்துவதற்குப் பதில் மூடும்.

உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பலர் புழங்குகிற லேப்டாப்பில் போடாதீர்கள். பிரவுசர் செய்கிறவர்கள் இதை யாரும் கேட்காமல் இயல்பாகவே ஆன் செய்து வைக்கக் கூடாது. 

மூன்று விரல் தட்டல்

மவுஸின் நடுப்பொத்தானை டேப்பின் மேல் அழுத்தினால் டேப் மூடும் என்பது எல்லாப் பெரிய பிரவுசரிலும் பல வருடங்களாக இருக்கிறது. மவுஸ் வைத்திருக்கிற பழைய ஆட்கள் சக்கரத்தை அழுத்தி மூடிக்கொண்டே போவார்கள், பார்க்கவே பொறாமையாக இருக்கும். டச்பேடில் நடுப்பொத்தான் கிடையாது என்று நினைத்து நாம் அதை விட்டுவிடுகிறோம். உண்மையில் இருக்கிறது, மூன்று விரலால் ஒரே நேரத்தில் தட்டினால் அதுதான் நடுப்பொத்தான்.

குரோம்புக்கில் ஒன்றும் செய்ய வேண்டாம், டேப்பின் மேல் கர்சரை வைத்து மூன்று விரலால் தட்டினால் மூடும். லினக்ஸில் டச்பேடைக் கவனித்துக்கொள்கிற லிப்இன்புட், ஒரு விரல் தட்டல் இடது கிளிக், இரண்டு விரல் வலது, மூன்று விரல் நடு என்று எடுத்துக்கொள்ளும்; செட்டிங்ஸில் தட்டினால் கிளிக் ஆகும் வசதி ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல்தான் வேலை இருக்கிறது. அங்கே மூன்று விரல் தட்டலைத் தேடல் பெட்டி திறப்பதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட், அதற்குள் மூன்று விரல் ஜெஸ்சர்கள், அங்கே தட்டல் என்பதற்கு நேரே மிடில் மவுஸ் பட்டன் என்று மாற்றினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. திங்க்பேட் வைத்திருப்பவர்கள் பலருக்கு இதுகூட வேண்டாம், பெரும்பாலான திங்க்பேட்களில் டச்பேடுக்கு மேலே நிஜமாகவே நடுப்பொத்தான் இருக்கிறது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, டேப் முழுவதுமே இலக்காகிவிடுகிறது. நசுங்கிய டேப்பாக இருந்தாலும் ஐகான் மேல் கர்சர் இருந்தால் போதும். எக்ஸ் மறைந்திருக்கிறதா தெரிகிறதா என்ற பேச்சே இல்லை, டேப்பைத் திறக்காமலே மூடலாம். குரோமையோ எட்ஜையோ விண்டோஸில் முழுத்திரைக்குப் பெரிதாக்கி வைத்திருந்தால் டேப் வரிசை திரையின் மேல் விளிம்பைத் தொட்டு நிற்கும். கர்சரை மேலே வேகமாகத் தள்ளினால் விளிம்பில் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போக வழியில்லை. ஆகவே உயரத்தில் குறிபார்க்க வேண்டியதே இல்லை, இடமா வலமா என்பது மட்டும்தான். மேக்கில் மேலே மெனு பார் குறுக்கே நிற்பதால் இந்தச் சலுகை கிடையாது.

இன்னும் முக்கியமானது தவறும்போது நடப்பது. மூன்று விரலும் ஒரே நேரத்தில் படாமல் ஒரு விரல் பிந்தினால் கணினி அதை இரண்டு விரல் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது வலது கிளிக். மெனு திறக்கும், அந்த மெனுவிலேயே மூடு என்பதும் இருக்கும். இரண்டு விரல் பிந்தினால் சாதாரணக் கிளிக், அந்த டேப் திறக்கும். இரண்டிலும் எதுவும் தொலைவதில்லை. தவறினால் பாதுகாப்பான பக்கமாகத் தவறுகிற அசைவு இது ஒன்றுதான். டபுள் கிளிக்கில் நேர் எதிர், அங்கே சாதாரணக் கிளிக் தவறினால் மூடல் ஆகிவிடும்.

அதோடு இதே மூன்று விரல் தட்டலை ஒரு லிங்க்கின் மேல் செய்தால் அது பின்னணியில் புது டேப்பில் திறக்கும். திறக்கவும் அதே, மூடவும் அதே. ஒரு நாள் பழகிவிட்டால் வேறு எதுவும் கைக்கு வராது.

குறை இல்லாமல் இல்லை. லினக்ஸில் நடுப்பொத்தான் என்றால் தேர்ந்தெடுத்து வைத்த எழுத்தை ஒட்டுகிற வேலையும் உண்டு, எழுதிக்கொண்டிருக்கிற பெட்டிக்குள் தெரியாமல் மூன்று விரல் பட்டால் எதையாவது ஒட்டிவிடும். சின்ன டச்பேட் உள்ள பழைய லேப்டாப்களில் மூன்று விரலை வைக்கவே இடமிருக்காது. விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும், ஒரு கையில் இரண்டு விரல் மட்டும் பயன்படுத்த முடிகிறவர்களுக்கும் இது வழியே அல்ல. மேக்கில் மூன்று விரல் தட்டல் அகராதிப் பொருள் பார்க்கப் போய்விட்டது, நடுப்பொத்தானை அந்த இயங்குதளம் டச்பேடில் கொடுப்பதே இல்லை. பெட்டர்டச்டூல் மாதிரி வேறொரு செயலியைப் போட்டால் கிடைக்கும், ஆனால் டேப் மூடுவதற்காக ஒரு செயலியைப் பின்னணியில் ஓடவிடுவது அவரவர் விருப்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்குமே எழுதியிருக்காது. யாராவது சொன்னால்தான் தெரியும்.

கீபோர்டு

கன்ட்ரோல் + டபிள்யூ. குறிபார்க்கிற கேள்வியே எழவில்லை. இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போதும், வலது கை டச்பேடை விட்டு நகர வேண்டாம். திறந்திருக்கிற டேப்பை மூடுவதற்கு இதைவிட வேகமான வழி கிடையாது, விவாதமே இல்லை.

ஆனால் திறந்திருக்கிற டேப்பை மட்டும்தான் மூடும். தள்ளி நிற்கிற ஏழாவது டேப்பை மூட வேண்டுமென்றால் முதலில் அங்கே போக வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உதவும்: கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வேண்டாத டேப்களை ஒவ்வொன்றாகத் தட்டினால் எல்லாம் சேர்ந்து தேர்வாகும், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டால் இங்கிருந்து அதுவரை என்று மொத்தமாகத் தேர்வாகும், பிறகு ஒரே ஒரு கன்ட்ரோல் + டபிள்யூ. குரோமில் முன்பிருந்தே உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. சாயங்காலத்து நாற்பது டேப்பைக் கழிப்பதற்கு இதுதான் சரியான ஆயுதம், எக்ஸோ மூன்று விரலோ அல்ல. வலது கிளிக் மெனுவில் இருக்கிற 'வலப்புறம் உள்ளவற்றை மூடு' என்பதும் அதே ரகம். ஒரே ஒரு டேப்பை மூட அந்த நீண்ட மெனுவுக்குள் போவதுதான் வீண்.

கீபோர்டின் ஆபத்து பக்கத்து வீட்டில் இருக்கிறது. டபிள்யூவுக்கு இடதுபுறம் கியூ. மேக்கில் கமாண்ட் + கியூ என்றால் பிரவுசரே மூடிவிடும். குரோமில் இதற்காகவே, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் மூடும் என்று ஒரு எச்சரிக்கை வசதி வைத்திருக்கிறார்கள், ஃபயர்ஃபாக்ஸிலும் கேட்டுவிட்டு மூடச் சொல்லலாம். இரண்டையும் ஆனில் வைத்திருங்கள். பிரவுசருக்குள்ளேயே டெர்மினல் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற திரை) திறந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வினை: டெர்மினலில் கன்ட்ரோல் + டபிள்யூ என்றால் கடைசி வார்த்தையை அழிப்பது. விரல் பழக்கத்தில் அழுத்தினால் வார்த்தைக்குப் பதில் டெர்மினலே போய்விடும்.

விமியம் என்ற எக்ஸ்டென்ஷனில் வெறும் சின்ன எக்ஸ் எழுத்தை அழுத்தினால் டேப் மூடும், பெரிய எக்ஸ் அழுத்தினால் திரும்ப வரும். கீபோர்டிலேயே வாழ்கிறவர்களுக்குச் சொர்க்கம். மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இழுத்து மூடும் ஜெஸ்சர்

போனில் டேப்பை ஒரு பக்கமாகத் தள்ளினால் போய்விடுகிறதே, லேப்டாப்பில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். மவுஸ் ஜெஸ்சர் என்பதே புதிதல்ல, ஓபரா 2001-லேயே கொண்டுவந்துவிட்டது. வலது பொத்தானைப் பிடித்தபடி கீழே இழுத்து வலப்பக்கம் திருப்பினால் டேப் மூடும். விவால்டியிலும் அதே அசைவுதான், எட்ஜும் இப்போது மவுஸ் ஜெஸ்சர் வைத்திருக்கிறது. மவுஸில் அருமை. டச்பேடில் வலது மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து இன்னொரு விரலால் கோடு போட வேண்டும், கைக்கு அது யோகாசனம்.

சரி, பொத்தான் இல்லாமல் வெறும் விரல் இழுப்பு? அங்கே காலி மனையே இல்லை. இரண்டு விரல் மேலும் கீழும் என்றால் ஸ்க்ரோல், பக்கவாட்டில் என்றால் முன்பக்கம் பின்பக்கம். மூன்று விரலை விண்டோஸ் நான்கு திசையிலும் எடுத்துக்கொண்டுவிட்டது: மேலே இழுத்தால் எல்லா ஜன்னலும் தெரியும், கீழே இழுத்தால் டெஸ்க்டாப், பக்கவாட்டில் செயலி மாற்றம். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் மூன்று விரல் பணியிடம் மாற்றப் போய்விட்டது, குரோம்புக்கில் டேப் விட்டு டேப் தாவப் போய்விட்டது. விண்டோஸில் மேம்பட்ட ஜெஸ்சர் அமைப்புக்குள் போய் ஏதாவது ஒரு திசைக்குக் கன்ட்ரோல் + டபிள்யூவைப் பதிந்து வைக்கலாம், லினக்ஸில் டச்எக் போன்ற செயலிகளால் அதையே செய்யலாம். ஆனால் அது பிரவுசரில் மட்டும் நிற்காமல் எல்லாச் செயலியிலும் வேலை செய்யும் அபாயம் உண்டு, வேர்டில் எழுதிக்கொண்டிருக்கிற ஆவணத்தையும் அதே இழுப்பு மூடப் பார்க்கும்.

டேப் வரிசையின் மேல் மட்டும் இரண்டு விரலை மேலே இழுத்தால் மூடுவது போல் வைக்கலாமே என்று ஒரு யோசனை வரும். லினக்ஸ் குரோமில் டேப் மேல் ஸ்க்ரோல் செய்தால் டேப் மாறும், ஃபயர்ஃபாக்ஸில் டேப் நிறைந்தால் வரிசையே உருளும், ஆக அந்த இடமும் காலியில்லை. அதோடு இரண்டு விரல் ஸ்க்ரோல் விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் உருண்டுகொண்டே இருக்கும். அந்த மிச்ச உருளலை பிரவுசர் சரியாகப் பிரித்தறியவில்லை என்றால் ஒரு இழுப்பில் மூன்று டேப் போகும். எக்ஸ்டென்ஷன் எழுதி இதைச் செய்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விரல் அசைவைக் கவனிக்கிற எக்ஸ்டென்ஷன் நிரல் வலைப்பக்கத்துக்குள்தான் ஓடும். டேப் வரிசையின் மேல் விரல் என்ன செய்கிறது என்பது அதன் கண்ணுக்கே தெரியாது. பிரவுசரின் சொந்தப் பக்கங்களிலும் அது ஓடாது, அதாவது செட்டிங்ஸ் டேப்பை உங்கள் ஜெஸ்சரால் மூட முடியாது. பாதி இடத்தில் வேலை செய்து பாதி இடத்தில் செய்யாத அசைவைக் கை நம்பாது.

டேப்பைப் பக்கவாட்டில் வைப்பது

இது மூடுகிற வழியே இல்லை, இடத்தை மாற்றுகிற வழி. எட்ஜ் 2021-இல் செங்குத்து டேப் கொடுத்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பில் கொடுத்தது, விவால்டியில் வெகு நாளாகவே உண்டு. டேப் எத்தனை சேர்ந்தாலும் அகலம் குறையாது, தலைப்பு படிக்க முடியும், எக்ஸ் எல்லாம் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒன்றை மூடினால் அடுத்தது அதே உயரத்துக்கு ஏறி வந்து கர்சருக்கு அடியிலேயே நிற்கும், குரோம் தலைகீழாக நின்று சாதித்தது இங்கே சும்மா கிடைக்கிறது. பட்டியல் நீண்டால் இரண்டு விரலால் உருட்டிக்கொள்ளலாம், டச்பேட் நன்றாகச் செய்கிற வேலையே அதுதான்.

விலை என்னவென்றால் திரையின் அகலம். பதின்மூன்று இன்ச் லேப்டாப்பில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தால் வலிக்கும். பட்டையைச் சுருக்கி ஐகான் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சுருக்கினால் எக்ஸும் தலைப்பும் போய் மறுபடி பழைய கதைதான். அப்போது மூன்று விரல் தட்டலோடு சேர்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூடியது திரும்ப வருமா?

மூடுவதை எளிதாக்குகிற யாரும் இதை முதலில் யோசிக்க வேண்டும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்தினால் கடைசியாக மூடியது வரும், திரும்பத் திரும்ப அழுத்தினால் அதற்கு முந்தையதும் வரும். டேப் வரிசையின் வலது கிளிக் மெனுவிலும் இருக்கிறது. ஆனால் இரண்டுமே தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். ஆண்ட்ராய்டு குரோமில் டேப்பை மூடியதும் கீழே ஒரு பட்டை வந்து செயல்தவிர்க்கட்டுமா என்று கேட்கும். லேப்டாப்பில் அந்த மரியாதை கிடையாது, போனது போனதுதான், சத்தமில்லாமல் போகும். டச்பேடில்தான் கை அதிகம் தவறுகிறது, அங்கேதான் அந்தப் பட்டை அதிகம் தேவை. ஒரு பிரவுசர் அணியில் எனக்கு ஒரே ஒரு மாற்றம் செய்ய உரிமை கொடுத்தால் எக்ஸைத் தொட மாட்டேன், இந்தப் பட்டையைக் கொண்டுவருவேன்.

திரும்ப வருவதற்கும் எல்லை உண்டு. குரோமின் மறைநிலை ஜன்னலில் மூடிய டேப் வராது. திரும்ப வந்த பக்கம் முகவரியையும் அதற்கு முன் பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் வைத்திருக்கும், நீங்கள் பாதி நிரப்பிய படிவம் இருக்குமா என்பது அந்தத் தளத்தைப் பொறுத்தது. தொலைந்தால் வலிக்கிற டேப்பை வலது கிளிக் மெனுவில் 'பின்' (pin) செய்து வையுங்கள், அப்படிப் 'பின்' செய்த டேப்பில் எக்ஸ் இருக்காது.

அப்படியானால் யாருக்கு எது?

விண்டோஸ் லேப்டாப்பில் தனியாக வேலை செய்கிறவர் மூன்று விரல் தட்டலை நடுப்பொத்தானாக மாற்றிக்கொள்ளட்டும், கூடவே கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டியைக் கைக்குப் பழக்கிக்கொள்ளட்டும். வேறெதையும் நிறுவ வேண்டாம். டேப் சேர்த்து வைக்கிறவராக இருந்தால் செங்குத்து டேப்பும் சேர்த்து. மேக்கில் கமாண்ட் + டபிள்யூவோடு, மொத்தமாகக் கழிக்கும்போது சஃபாரியில் இரண்டு விரலைக் கிள்ளினால் எல்லா டேப்பும் பெரிய கட்டங்களாக விரியும், அங்கிருந்து மூடலாம், குறிபார்க்க நிறைய இடமிருக்கும்.

எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர் ஜெஸ்சரை விட்டுவிட்டு, மூடியவற்றை ஒரு தட்டலில் திரும்பக் கொண்டுவருகிற பெரிய பொத்தானைக் கருவிப்பட்டையில் வைக்கலாம். அது எக்ஸ்டென்ஷனால் முழுதாகச் செய்ய முடிகிற வேலை. பிரவுசரே செய்கிறவர் எதைப் புதிதாகக் கொண்டுவந்தாலும் ஒரே விரலால் ஒரே தட்டலில் முடிகிற பழைய வழியை எடுத்துவிடக் கூடாது, எத்தனை விரல் ஜெஸ்சர் கொடுத்தாலும் அது கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். எல்லார் கையும் ஒரே மாதிரி இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு லேப்டாப் அமைத்துக் கொடுக்கிறவர்கள் மேலே சொன்ன ரகசிய அசைவு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அழுத்துவதற்குப் பதில் தட்டினாலே கிளிக் ஆகும்படி டச்பேடை மாற்றுங்கள், கர்சர் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், டேப்பைச் செங்குத்தாக்கி அகலமாக விரித்து வையுங்கள். எக்ஸ் அப்போது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து நிற்கும். தெரியாமல் ஏதாவது மூடிவிட்டால் எந்த மெனுவில் திரும்ப எடுப்பது என்பதை மட்டும் ஒரு தடவை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.